உப்புக்காற்றில் அழுத விண்கல்

கண்ணாடி அலுமாரியில் விரித்திருந்த வெள்ளைப் பின்னல் துணியில் ஒரு கபில நிறப் பொட்டு. மார்கழி மாதம், வாடை அடித்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த கிழமை. அலுமாரிக்குப் பின் சுவர் ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சுவர் காய்ந்தே இருந்தது. ஒழுகியது கல்.

கல் என்பது பழக்கத்தில் வந்த சொல். அது 640 கிராம் இரும்பு. சுவிஸில் இருக்கும் மச்சான் இரண்டு வருடத்துக்கு முன் கொண்டுவந்து தந்த இரும்பு விண்கல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் வாங்கினவர் கை ஒருதரம் தாழ்ந்துதான் எழும். ஒரு பக்கம் தட்டையாக வெட்டி, மறுபக்கமெல்லாம் இயற்கையாக விட்டிருந்தார்கள். களிமண்ணைப் பெருவிரலால் அங்கங்கே அழுத்திவிட்டு எடுத்ததுபோலக் குழிகள். இரண்டு குழி சந்திக்கும் இடத்தில் மழுங்கிய ஒரு விளிம்பு. எப்படிப் பிடித்தாலும் விரல் தானாகப் போய் ஒரு குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் முதலில் கையில் கொடுத்துவிடுவேன். "ஆரு செய்தது?" என்றுதான் அநேகம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலும் வாவியும் கூப்பிடு தூரம். இங்கே சைக்கிள் ரிம்முக்கும் யன்னல் கம்பிக்கும் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் ரேடியோ, ரி.வி. திருத்துகிறவன். பச்சை பூத்த சர்க்கிட் பலகைகளைத் தினமும் கழுவுகிறவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கல்லின் ஊர் ஆர்ஜென்டீனாவின் வடக்கு, காம்போ டெல் சியேலோ என்ற இடம். பெயருக்கு வானத்து வயல் என்று பொருள். 4000 முதல் 5000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரிய இரும்புப் பாறை உடைந்து சிதறி விழுந்தது. ஸ்பானியர்கள் அதைக் கண்டது 1576 இல். 2016 இல் அங்கே தோண்டி எடுத்த ஒரு துண்டு மட்டும் 30 தொன்னுக்கு மேல். 2007 இல் அந்த நாடு விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்து என்று சட்டம் போட்டுவிட்டது. மச்சான் வாங்கியது அதற்கு முன் வெளியே போன பழைய சேகரிப்பிலிருந்து, கடதாசியும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் காட்டிக்கொண்டு திரிய எனக்கு மனமில்லை.

இந்த ஊர்க் கற்கள் துருவுக்குப் பேர்போனவை என்று பின்னால்தான் படித்தேன்.

சரி, முதலில் செய்த இரண்டு பிழைகளைச் சொல்லிவிடுகிறேன்.

பொட்டைக் கண்ட அன்று பின்னேரமே டிரில்லில் கம்பித் தூரிகையைப் பூட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டேன். அரை நிமிசம்கூட இல்லை. கபிலம் போய், கறுப்பும் போய், அந்த மூலை குசினிக் கரண்டிபோல மினுங்கியது. குழியின் விளிம்பு கொஞ்சம் வட்டமாகிவிட்டது. அதைப் பார்த்த உடனேயே நிறுத்தினேன், ஆனால் போனது போனதுதான். நாலாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து வந்த தோல் அது. அந்த மூலையைத் தடவினால் இன்றும் என் டிரில்தான் கைக்குப் படுகிறது.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. தட்டையாக வெட்டிய முகத்தில் இருக்கவேண்டிய கோலம், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பட்டைகள், மங்கிப் போயிருந்தது. அதை மறுபடி தெளிய வைக்க அமிலத்தால் அரிக்க வேண்டும். சர்க்கிட் பலகையில் செம்பைக் கரைக்கிற பெரிக் குளோரைட்டு கடையில் போத்தல் போத்தலாக இருக்கிறது. விண்கல் சேர்க்கிறவர்களிலும் பலர் அதைத்தான் பாவிக்கிறார்கள். பூசினேன், கோலம் அழகாக எழும்பியது, கழுவித் துடைத்து வைத்தேன். மூன்றாவது கிழமை வெட்டுமுகத்தின் ஓரத்து வெடிப்பு ஒன்றிலிருந்து செம்மஞ்சள் துளிகள் வியர்வைபோல அரும்பின. ஒற்றி எடுத்தால் மறுநாள் திரும்ப வரும்.

காரணம் பெயரிலேயே இருக்கிறது, குளோரைட்டு. விண்கல் அழுவதற்கு வானத்திலிருந்து கொண்டுவந்த ஏதோ நஞ்சுதான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். அந்தக் குளோரின் விழுந்த இடத்து மண்ணிலும் நீரிலுமிருந்து ஏறியது என்று புக்வால்ட், கிளார்க் என்ற இருவர் 1989 இல் விளக்கினார்கள். அது இரும்போடு சேர்ந்து அக்ககனைட்டு என்ற ஒருவகைத் துருவாகிறது. அந்தத் துரு குளோரினைத் தனக்குள் பிடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல வெளியே விடும். வெளிவந்த குளோரின் அடுத்த படை இரும்பைத் தின்னும், அது மறுபடி துருவாகும். ஈரம் இருக்கும்வரை இந்தக் கூத்து ஓயாது. ஆர்ஜென்டீனா மண் ஏற்றியது போதாதென்று கல்லடிக் காற்று கொஞ்சம், பிறகு என் போத்தல் கொஞ்சம். வறண்ட ஊரில் இருக்கிறவர் பெரிக் குளோரைட்டைப் பூசி நன்றாகக் கழுவிவிட்டுத் தப்பலாம். எங்கள் கரையில் நான் இனி அதைத் தொடமாட்டேன்.

மேலே துடைத்துப் பிரயோசனமில்லை, உள்ளே போன உப்பை வெளியே இழுக்க வேண்டும். கடலுக்கடியிலிருந்து எடுத்த நங்கூரம், பீரங்கி போன்றவற்றை அருங்காட்சியகங்களில் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். அதே வழியில் போனேன்.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம் எரிசோடா. தண்ணீர் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ இல்லை, பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர். கடையில் கேட்கும்போது தண்ணீர் என்று அழுத்திச் சொல்லுங்கள், எனக்கு ஒருமுறை பற்றரி அசிட்டையே எடுத்து நீட்டினார்கள். எரிசோடாவைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மாறிச் செய்யக்கூடாது. சூடேறும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியச் சட்டியில் வைத்தால் சட்டியையே தின்றுவிடும். நான் எடுத்தது இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பா. அடியில் தங்கூசி நூலால் ஒரு சின்ன வலை பின்னி, கல் அடியைத் தொடாமல் தொங்கவிட்டேன். காரத்தில் இரும்புக்கு ஒன்றும் ஆகாது, உப்பு மட்டும் கசிந்து வரும்.

உப்பு வருகிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஆள் இருக்கிறார். மனைவி விஞ்ஞான ரீச்சர். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு சின்னப் போத்தல் வாங்கி வந்தார். குளோரைட்டு இருந்தால் பால்போல வெள்ளை விழும், சாதாரண தரம் படித்த எல்லாருக்கும் தெரிந்தது. நான் டப்பாத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஒரு துளி விட்டேன். வெள்ளைக்குப் பதில் மண்ணிறமாகக் கலங்கியது. "கல்லுக்குள்ள வேற என்னவோ இருக்கு" என்று பெரிய கண்டுபிடிப்புப்போலச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். காரத்தில் விட்டால் வெள்ளி ஒட்சைட்டுத்தான் விழும், முதலில் நைத்திரிக் அமிலம் ஒன்றிரண்டு துளி விட்டு அமிலமாக்கிவிட்டுப் பார்க்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தபோது முதல் கிழமைத் தண்ணீர் தேங்காய்ப்பால்.

கிழமைக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றினேன். நாலாம் கிழமை கஞ்சித் தண்ணீர் அளவுக்கு இறங்கியது. ஏழாம் கிழமை கறுப்புக் கடதாசியைப் பின்னால் பிடித்தால்தான் கலங்கல் தெரிந்தது. எட்டில் திரும்பக் கொஞ்சம் கூடியது, ஏதோ ஒரு வெடிப்பு அப்போதுதான் திறந்திருக்க வேண்டும். பதினொன்றாம் கிழமை வெறும் பற்றரித் தண்ணீரையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமில்லை. நிச்சயத்துக்காக இன்னும் இரண்டு கிழமை விட்டேன். அதற்குள் வெளித்துருவும் இளகியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும் போதுமாக இருந்தன. டிரில்லை மேசைக்குப் பக்கத்தில்கூட வைக்கவில்லை.

தேய்க்க அதிகமில்லாததால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைத்தது. ஒவ்வொரு குழியாக மேசை விளக்கை அங்குமிங்கும் திருப்பிப் பார்ப்பேன். இந்தப் பெருவிரல் தடங்களைச் செதுக்கியது சூடான காற்று. காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது இரும்பின் மேற்தோல் மட்டும் உருகி உருகிப் பறந்துவிடும், சுழன்றடிக்கும் காற்று அங்கங்கே தோண்டிக்கொண்டு போகும். எல்லாம் சில விநாடிதான், உள்ளே சூடு போய்ச் சேர நேரமிருக்காது. இதைப் புதுசாக, கூராகப் பார்க்க வேண்டுமானால் 1947 பெப்ரவரி 12 ஆம் திகதி ரஷ்யாவின் தூரகிழக்கில் சிகோட்டே அலின் மலைத்தொடரில் விழுந்தவற்றைப் பார்க்க வேண்டும். உயரத்திலேயே பிரிந்து வந்த துண்டுகளில் விரல்தடம் அச்சுப்போல இருக்கிறது. கடைசியில் வெடித்துச் சிதறியவை குண்டுச் சன்னம்போலக் கிழிந்து முறுகியிருக்கின்றன. ஒரே இரும்பு, ஒரே காலை, இரண்டு விதமான சிற்பம். அன்று காலை வெளியே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மெத்வேதேவ் என்ற ஓவியர் நெருப்பும் புகையும் வானத்தைக் கீறிப்போவதைக் கண்டு அதையே வரைந்தார். அந்தப் படத்தைச் சோவியத் நாடு 1957 இல் முத்திரையாக வெளியிட்டது.

என்னுடையது அவ்வளவு கூரில்லை. நெருப்பு செதுக்கிய தோல் எப்போதோ போய்விட்டது, அதற்குப் பிறகு மண்ணும் துருவும் தங்கள் பங்குக்கு வேலை செய்திருக்கின்றன. அதைக் குறையாகச் சொல்கிற சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவின் ஒரெகனில் கிடைத்து இப்போது நியூயோர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 15 தொன் வில்லமெட் விண்கல்லில் ஆள் உட்காரக்கூடிய பள்ளங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளங்கள் வானத்தில் வரும்போது உண்டானவை இல்லை. இரும்புக்குள் இருந்த கந்தகக் கனிமம் மழைநீரோடு சேர்ந்து அமிலமாகி, காலங்காலமாக அரித்துத் தோண்டியவை. எந்த மண்டபத்தில் வைத்தாலும் கண் அங்கேதான் போகும். அதனால் துரு செய்ததையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டேன். இறுகிப் பிடித்திருந்த கறுப்புப் பூச்சை அப்படியே விட்டு, பொடியாக உதிர்வதை மட்டும் எடுத்தேன்.

ஊறல் முடிந்ததும் பற்றரித் தண்ணீரில் நாலு தரம் அலசி, பலகை கழுவ வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் மூன்று தரம் முக்கினேன். அது வெடிப்புக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். முற்றத்தில் அரை நாள் காற்றாட விட்டு, மணம் முற்றாகப் போன பிறகுதான் கேக் சுடுகிற அவனில் வைத்தது. ஈரமாக வைத்தால் அடுப்படியில் வெடி கேட்கும். 105 பாகையில் ஆறு மணித்தியாலம். அவனைத் தர மனைவி போட்ட நிபந்தனை, கேக் சுட்டு முடிந்த பிறகு.

இடையில் கத்தியைச் சாணை பிடிக்க காத்தான்குடிக் கடைச்சல் பட்டறைக்குப் போனபோது கல்லையும் கொண்டுபோயிருந்தேன். காக்கா என்று நாங்கள் கூப்பிடும் பட்டறைக்காரர் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கா இவ்வளவு பாடு? காஸ் லைட்ட புடிச்சி செவக்கச் செவக்கச் சூடாக்குங்க, துரு உரிஞ்சி விழும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சிவக்கச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் கோலம் அழிந்துபோகும், அதைத் திரும்ப உண்டாக்க உலகத்தில் எந்தப் பட்டறையாலும் ஏலாது. பேச்சோடு பேச்சாக ஜஹாங்கீர் கதையைச் சொன்னேன். 1621 இல் ஜலந்தர் பக்கம் விழுந்த இரும்பை எடுப்பித்து வாள் அடிக்கக் கொடுத்தார் அந்த மொகலாயப் பேரரசர். சம்மட்டி பட்டதும் அது பொருந்தாமல் உடைந்து நொறுங்கியது. மூன்று பங்கு வானத்து இரும்புக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு கலந்த பிறகுதான் தகடாக வந்தது. காக்கா வாள் எத்தனை என்று கேட்கவில்லை. "ஒன்றுக்கு மூன்றா, மூன்றுக்கு ஒன்றா?" என்று இரண்டாந்தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார்.

அடுத்தது வெட்டுமுகம். தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் சாண்ட் பேப்பரை விரித்து, மண்ணெண்ணெய் தொட்டு, 240, 400, 800, 1200 என்று ஏறினேன். தண்ணீர் தொடவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால் பழைய கீறல் மறைந்ததா என்று தெரியும். இரண்டு பின்னேரம் போனது. முடிந்தபோது முகம் வெறும் கண்ணாடி, என் மூக்கு தெரிந்தது, ஒரு கோடும் இல்லை.

இந்தமுறை நைத்திரிக் அமிலம். பொன்னைச் சோதிக்க நகைப் பட்டறைகளில் வைத்திருப்பார்கள். எனக்குப் பழக்கமான ஒரு பட்டறை அண்ணன், போத்தலைத் தரமாட்டேன், இங்கேயே வந்து செய் என்றார். அவர் சொன்னதுதான் சரி. சுத்தமான எதனோல் 20 பங்கு, அமிலம் ஒரு பங்கு. அமிலத்தைத்தான் அல்ககோலுக்குள் விட வேண்டும், துளித்துளியாக. எதனோலுக்குப் பதில் ஐசோபுரோப்பைலை ஊற்றக்கூடாது. அளவையும் கூட்டக்கூடாது. மிஞ்சியதை மூடி வைக்கவும் கூடாது, போத்தல் வெடித்துவிடும். வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அப்பச்சோடா போட்டு ஊற்றிவிட வேண்டும். வாசலில், காற்றுக்கு முதுகு காட்டி இருந்து செய்தோம்.

மென்மையான பிரஷ்ஷால் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரை நிமிசம் ஒன்றுமில்லை. அப்புறம் பளபளப்பு மூச்சுப் பட்ட கண்ணாடிபோல மங்கியது. ஒரு நிமிசம் கடந்தபோது மூலையிலிருந்து ஒரு பட்டை, அதற்குக் குறுக்கே இன்னொன்று, பிறகு முகம் முழுதும் பட்டை பட்டையாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எழும்பின. கல்லைச் சாய்த்தால் வெள்ளையாக இருந்த பட்டை கறுக்கிறது, கறுப்பு வெளுக்கிறது. பக்கத்து வீட்டுப் பன்பாய் பின்னலை வெள்ளியில் பார்த்தமாதிரி. அண்ணன் பெருக்குக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "இதுக்குள்ள ஆரு கீறினது?"

ஒருவரும் கீறவில்லை. இரும்பும் நிக்கலும் கலந்து உருகிக் கிடந்தது எப்போதோ ஒரு சிறுகோளின் உள்ளே. ஆறும்போது இரண்டு வகைப் படிகமாகப் பிரிகிறது. நிக்கல் குறைந்தது கமசைட்டு, அகலப் பட்டை. நிக்கல் கூடியது டீனைட்டு, ஓரத்து மெல்லிய கோடு. அமிலம் கமசைட்டை வேகமாக அரிக்கும், டீனைட்டு தாக்குப்பிடித்து மினுங்கிக்கொண்டு நிற்கும். பட்டை இவ்வளவு தடிக்க வேண்டுமானால் பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில பத்துப் பாகை என்ற கணக்கில்தான் ஆறியிருக்க வேண்டும். என் கல்லில் பட்டை கிட்டத்தட்ட மூன்று மில்லிமீற்றர். சுவீடனில் கிடைக்கும் முயோனியோனலுஸ்தாவின் கோடுகள் இதில் பத்திலொரு பங்கு நுணுக்கம், கைத்தறிச் சேலைபோல. பார்க்க அதுதான் வடிவு என்பார்கள். பெருங்கோலத்தில் ஒரு முரட்டு அழகு இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் பட்டைகளுக்குள்ளே மயிரிழைக் கோடுகள் இணையாக ஓடுகின்றன. விண்வெளியில் மோதுண்ட அதிர்ச்சியில் விழுந்தவை அவை, நியூமன் கோடுகள் என்று பெயர். அவற்றைப் பிடிக்கவே அரைநாள் போனது என்று மனைவியிடம் சொல்லவில்லை.

இந்தக் கோலத்துக்கு வியன்னாவின் விட்மான்ஷ்டெட்டன் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் 1808 இல் தகட்டைச் சூடாக்கியபோது நிற வேறுபாட்டில் கண்டார். அதற்கு முன்பே, 1804 இல், நேப்பிள்ஸில் இருந்த தொம்சன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதிவிட்டார். சைபீரியாவில் கிடைத்த ஒரு விண்கல்லின் துருவைப் போக்க அவர் நைத்திரிக் அமிலம் ஊற்றியிருக்கிறார், கோலம் தெரிந்துவிட்டது. துரு கழுவப் போய் மாட்டிக்கொண்டவன் நான் மட்டுமில்லை என்று ஒரு சின்ன ஆறுதல்.

அரித்து முடிந்ததும் அப்பச்சோடாக் கரைசல், பற்றரித் தண்ணீர், மறுபடி அல்ககோல், மறுபடி அவன். இதையெல்லாம் வேண்டுமென்றே ஆனி மாதத்துக்குத் தள்ளி வைத்திருந்தேன். கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வறண்டு அடிக்கிற காலம், அப்பளம் காய்வதுபோல எதுவும் காயும். சூடு ஆறுமுன் வெட்டுமுகத்தில் மச்சான் அனுப்பிய மெழுகு, மற்றப் பக்கங்களில் தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய பூச்சு. தேங்காயெண்ணெய் போடச் சொன்னார்கள் பலர். அது நாளாகக் கெட்டு அமிலமாகும், வேண்டாம்.

தாங்கிதான் கடைசி வேலை, அதிலும் மூன்று நாள் போனது. முதிரைக் கட்டையில் மூன்று பித்தளைக் கம்பி, காக்கா கடைந்து தந்தார். பித்தளை இரும்பை நேரே தொட்டால் அந்த இடமே துருப்பிடிக்கும், அதனால் வயர் இணைப்புக்குப் போடுகிற சுருங்கும் சிலீவைக் கம்பி நுனிகளில் ஏற்றிச் சூடுகாட்டினேன். எந்தப் பக்கம் மேலே? படுக்க வைத்தால் கல், நிமிர்த்தினால் ஏதோ ஒன்று எழும்பி நிற்கிறது. மகள் ஒருமுறை தலைகீழாக வைத்துவிட்டுப் போனாள், அதுதான் சரியான நிலை. பெரிய குழி மேலிருந்து வரும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டுமுகம் பின்பக்கம், கேட்கிறவருக்கு மட்டும் திருப்பிக் காட்டுவேன். டிரில் பட்ட மூலை சுவர்ப்பக்கம்.

இப்போது இறுக்கமான அக்ரிலிக் பெட்டிக்குள் இருக்கிறது, கீழ்த்தட்டில் சிலிக்கா ஜெல். வெளியே ஈரமானி மழைநாளில் 85 காட்டும்போது உள்ளே 40 க்குக் கீழே நிற்கிறது. ஜெல் நிறம் மாறினால் அவனில் வறுத்துத் திரும்பப் போடுவேன். இந்த வாடை தொடங்கி ஆறு கிழமை. பெரிய குழியின் அடியில் கடுகளவில் ஒரு கபிலப் புள்ளி இருக்கிறது. முன்பே இருந்ததா, புதிதா என்று எனக்கும் மனைவிக்கும் வழக்கு. போனில் படமெடுத்துத் திகதி போட்டு வைத்திருக்கிறேன். ஐஸ்கிறீம் டப்பாவை இன்னும் வீசவில்லை.